குழந்தையின் ஜலதோஷமும் மூச்சின் கணக்கும்

கைக்குழந்தைக்கு ஜலதோஷம் காண்பது எல்லா இல்லங்களிலும் நிகழ்வது. மூக்கடைத்த குழந்தை இரவெல்லாம் அழ, பெற்றோர் காலையில் மருந்துக் கடையை நாடுகின்றனர். நாட்கூலியில் வாழும் குடும்பத்திற்கு ஒரு புட்டி இருமல் சிரப்பும் சுமையே. அச்செலவால் விளையும் பயன் யாது என்பது ஆராயத்தக்கது.

ஜலதோஷம் வைரஸ் கிருமிகளால் உண்டாவது. ஆன்டிபயாடிக் மருந்துகள் இக்கிருமிகளை அழிப்பதில்லை. பெரும்பாலும் ஒரு வாரம் அல்லது பத்து நாட்களில் அது தானே தணிந்துவிடும். சிறு குழந்தைகளுக்கு இருமல் சிரப்பு நன்மை தருவதற்குப் போதிய சான்றில்லை, தீமைக்கோ சான்றுண்டு. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் நச்சு கலந்த சிரப்பை அருந்திய குழந்தைகள் பலர் மாண்டனர். அவ்வாண்டு அக்டோபரில், 2 வயதுக்குட்பட்டோருக்குச் சளி, இருமல் மருந்துகளை எழுதித் தரவோ வழங்கவோ கூடாதென மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக அடிக்கடி ஊட்ட வேண்டும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்தை இட்டு, திரித்த மெல்லிய துணியால் துடைக்கலாம். குழந்தையைக் கதகதப்பாக வைத்து, அடுப்புப் புகையும் பீடிப் புகையும் அணுகாது காக்க வேண்டும். மூக்கில் எண்ணெய் விடுதல் ஆகாது; அது நுரையீரலைச் சென்றடையக்கூடும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேனும் கூடாது.

எனினும், ஜலதோஷம் போலத் தொடங்கும் நோய் நிமோனியாவாகவும் இருக்கலாம். இதனை அறியக் கடிகாரம் ஒன்றே போதும். குழந்தை அமைதியாக இருக்கையில், வயிறும் மார்பும் எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் ஓராண்டு வரை 50, அதன்பின் 5 வயது வரை 40 என்ற அளவையோ அதற்கு மேலோ எட்டினால் அது வேகமூச்சாகும். வேகமூச்சு, மூச்சிழுக்கையில் கீழ்மார்பு உட்குழிதல், பால் குடிக்க இயலாமை, வலிப்பு, 2 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் தாமதமின்றி மருத்துவமனையை அடைய வேண்டும்.

நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கப்பெற்று, 2021-இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. இது இலவசமாக இடப்படுகிறது. ஆஷா பணியாளர்களும் இல்லந்தோறும் செல்கின்றனர். ஆயினும், நள்ளிரவில் குழந்தையின் அருகிலிருப்பவள் தாயே. மூச்சை எண்ணும் முறை அவளை எட்டினாலன்றி இத்திட்டங்கள் முழுப்பயன் தரா.