கடலுக்கு அடியில் டேப் பிடிக்கிறவங்க!

'ஆராய்ச்சி'ன்னு சொன்னதும் உங்க மனசுல என்ன வருது? வெள்ளை கோட்டு, ஏசி லேப், கண்ணாடிக் குடுவை? தூத்துக்குடியில் ஒரு குழுவுக்கு லேப்பே கடல்தான். சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பவளப்பாறை ஆய்வுக் குழுவைத்தான் சொல்றேன். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நிறுவனம் இது. பிஎச்.டி. மாணவர்களும் இங்கே இருக்காங்க.

தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. அனுமதி இல்லாம யாரும் தீவில் கால் வைக்க முடியாது.

என்னதான் செய்றாங்க?

முதல் மைல்கல், ஸ்கூபா டைவிங். அடுத்தது, துடுப்பு பட்டுப் பவளம் உடையாம மிதக்கப் பழகுவது. அப்புறம்தான் வேலையே ஆரம்பம். பாறை மேல 20 மீட்டர் டேப்பை விரிச்சு, அதுக்கு நேர் கீழே என்ன இருக்குன்னு பிளாஸ்டிக் ஸ்லேட்டில் பென்சிலால் குறிப்பாங்க: உயிருள்ள பவளம், செத்த பவளம், பாசி, மணல். 20 மீட்டரில் 5 மீட்டர் உயிருள்ள பவளம்னா 25 சதவீதம். கணக்கு அவ்வளவுதான். ஆனா காத்து அடிச்சா தண்ணி கலங்கிடும், டேப்பே கண்ணுக்குத் தெரியாது. இதையே வருஷா வருஷம் செய்யணும்.

எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? பழைய கணக்கு கையில் இருந்தாத்தான் என்ன போச்சுன்னு சொல்ல முடியும். பவளத்துக்குள்ளே நுண்பாசிகள் வாழுது. உணவும் நிறமும் அதுங்க தர்றதுதான். கோடையில் கடல் சூடானா அந்தப் பாசிகள் வெளியேறி, பவளம் வெளுத்துப்போகும். சூடு நீடிச்சா செத்துடும். 2010-லும் 2016-லும் இங்கே அதுதான் நடந்தது. எத்தனை சதவீதம் போச்சு, எது தப்பிச்சதுன்னு சொன்னது அந்த ஸ்லேட்டுக் கணக்குதான்.

நமக்கு இதில் என்ன வேலை?

பவளப்பாறை ஒரு இயற்கையான அலைதடுப்பு. சுண்ணாம்புக்காகப் பல வருஷம் அதை வெட்டி எடுத்தாங்க. 2001-ல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. அதுக்குள்ள சேதம் நடந்துடுச்சு. தடுப்பு போனதும் அலை நேரா தீவை அரிச்சது. தூத்துக்குடிக்குப் பக்கத்து விலங்குசல்லி தீவு தண்ணிக்குள்ளேயே போயிடுச்சு. வான் தீவும் அதே வழியில்தான் போய்க்கிட்டு இருந்தது.

இங்கேதான் நம்ம துறை உள்ளே வருது. சென்னை ஐஐடியோட சேர்ந்து, துளைகள் உள்ள சரிவக வடிவக் கான்கிரீட் தொகுதிகளை 2015 வாக்கில் இருந்து வான் தீவுக்கு முன்னால் கடலில் இறக்கினாங்க. ஏன் துளை? கெட்டிச் சுவர்னா அலை மோதித் திரும்பும், அடி மணலைத் தோண்டும். துளை இருந்தா தண்ணி உள்ளே புகுந்து வேகத்தை இழக்கும், மணல் தங்கும், மீனுக்கும் வீடு கிடைக்கும். தீவு தேய்வது நின்று, பரப்பு கொஞ்சம் கூடவும் செய்தது.

இதே கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். முத்துச்சிப்பி விளைந்த அந்தப் 'பார்'களுக்கு இப்போ முத்துக்காக யாரும் குதிக்கிறதில்லை. பவளத்துக்கு அந்த நிலைமை வராம இருக்கணும்னா டேப் பிடிக்க ஆள் வேணும். கான்கிரீட், அலை, சென்சார் தெரிஞ்ச ஆளும் வேணும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்பு தேடிக்கிட்டு இருக்கீங்களா? கடல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாருங்க.