பொம்மைக்கு உயிர் வரணுமா? மொபைலைக் கீழே இறக்குங்க!

ஷெல்ஃபில் நிற்கும் ஆக்‌ஷன் ஃபிகரை மேலே இருந்து கிளிக் பண்ணினால், அது வெறும் பொம்மை போட்டோதான். கதையாகணும்னா, லென்ஸ் அதன் கண் மட்டத்துக்கு வரணும். மொபைலைத் தலைகீழாகப் பிடிச்சுப் பாருங்க. லென்ஸ் தரையைத் தொடும்.

அடுத்து அளவு. 6 இன்ச் ஃபிகர் என்றால் சுமார் 1:12 ஸ்கேல். பக்கத்தில் இருக்கும் கதவு, நாற்காலி எல்லாமே அதே ஸ்கேலில் இருக்கணும். நிஜ டீ கிளாஸ் ஒண்ணு எட்டிப் பார்த்தாலும் குட்டு உடைஞ்சிடும்.

இதெல்லாம் சரியா இருந்தாலும் கதை வேணுமே? அமெரிக்காவின் மார்க் ஹோகன்கேம்ப், 2000-ல் ஒரு கும்பல் தாக்கியதில் பழைய நினைவுகளையே பெருமளவு இழந்தவர். வீட்டுக்கு வெளியே 1:6 ஸ்கேலில் இரண்டாம் உலகப்போர் காலத்து ஊர் ஒன்றைக் கட்டினார். தன்னைப்போல ஒரு பொம்மை, தாக்கியவர்களுக்குப் பதில் நாஜி வீரர்கள் என வைத்து, தன் வலியைப் படம் படமாகச் சொன்னார். 2010-ல் வெளிவந்த ‘மார்வென்கால்’ ஆவணப்படம் அவரைப் பற்றியதுதான்.

அந்தப் படங்களில் பொம்மைகள் போஸ் கொடுப்பதில்லை. எதற்கோ பயப்படும், யாருக்காகவோ காத்திருக்கும். உங்க ஹீரோவுக்கு என்ன வேணும், எது தடுக்குது? அதை முடிவு பண்ணிட்டு கேமராவைத் திறங்க.