உப்பங்கழிக் கரையில் இழுவண்டிச் சக்கரம்

பழவேற்காட்டு ஏரி முகத்துவாரத்தின் வழியே கடலோடு கலந்து நிற்கும் உப்பங்கழியாகும். சிலிகை ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டிலுள்ள உவர்நீர் ஏரிகளுள் இதுவே பெரிது. இதன் பெரும்பாகம் ஆந்திர நாட்டிலும் தென்பாகம் தமிழ்நாட்டிலும் கிடக்கின்றன. இதன் கரையில் வாழும் மீனவர்க்கு நெடுங்காலம் சக்கரத்தைவிடப் படகே உற்ற துணையாயிருந்தது. சென்னைக்கு வடக்கே 1806-இல் வெட்டத் தொடங்கிப் பின்னர் 1878-இல் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்ற கால்வாய் இவ்வேரியோடு இணைந்திருந்தமையால், சரக்குகளும் நீர்வழியாகவே சென்றன. கால்வாய்ப் போக்குவரத்து ஓய்ந்த பின்னரே சாலையும் ரப்பர்ச் சக்கரமும் இக்குப்பங்களின் பிழைப்பில் இடம்பெற்றன.

காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்துக்கு 1845-இலேயே தாம்ஸன் என்னும் ஸ்காத்லாந்தியர் உரிமை பெற்றார். ஆயினும் 1888-இல் டன்லப் என்பவர் தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டிக்காக அதனை மீண்டும் செய்து காட்டிய பிறகே உலகம் அதனை ஏற்றது. பழவேற்காட்டிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியிலுள்ள திருவொற்றியூரில் 1946-ஆம் ஆண்டு மாம்மன் மாப்பிள்ளை பலூன் செய்யத் தொடங்கிய சிறு கொட்டகையே பின்னாளில் பெயர்பெற்ற டயர்த் தொழிற்சாலையாக வளர்ந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுக்கப்பெறும் இருசக்கரச் சிறு டிரெய்லரில் மீன்பெட்டியும் வலையும் படகின் இயந்திரமும் ஏற்றப்படுகின்றன என்று கொள்வோம். பொன்னேரிச் சாலையில் நண்பகலில் அதன் டயர் வெடிக்குமாயின் நேரும் நட்டம் டயரின் விலையோடு நில்லாது. பனிக்கட்டி உருகும், மீன் கெடும், முன்பணம் கொடுத்த வியாபாரியோ காத்திரான். ஆதலின் பழைய டயரை நீக்கிப் புதியது வாங்குவோர் விலையை விசாரிக்குமுன் சில செய்திகளை அறிதல் வேண்டும்.

முதலாவது பளு. டயரின் பக்கச்சுவரில் 145/80 ஆர் 12 74 டி என்றாற்போல் எழுதப்பட்டிருக்கும். 145 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு உயரம். 12 என்பது உள்வளையத்தின் விட்டம், அங்குலத்தில். கடைசி எழுத்து வேகவரம்பு. நம் சாலைகளில் அதைப்பற்றிக் கவலைப்பட வேண்டுவதில்லை. கவனிக்கத்தக்கது 74 என்னும் பளு எண்ணே. அது அந்த டயர் 375 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கிறது. 69 எனில் 325 கிலோ. 78 எனில் 425 கிலோ. வெறும் வண்டி 180 கிலோ, நாற்பது கிலோப் பெட்டிகள் ஆறு 240 கிலோ என வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் 210 கிலோ விழும். சரக்கு ஒருபுறம் சாய்தலையும் பள்ளங்களில் வண்டி குதித்தலையும் எண்ணிக் கால்பங்கு கூட்டினும் 69 எண்ணுள்ள டயர் போதும். ஆனால் மீன் மிகுதியாய்ப் படும் நாளில் பன்னிரண்டு பெட்டி ஏற்றாதவர் யார்? அப்போது ஒரு சக்கரத்துக்கு 330 கிலோ. கால்பங்கு கூட்டினால் ஏறக்குறைய 413. அதற்கு 78-க்குக் குறைந்தது உதவாது. ஆகவே வழக்கமான நாளை விடுத்து மிகக் கனத்த நாளை வைத்தே கணக்கிடல் வேண்டும். பெரிய டயர் மாட்டிவிட்டமையால் அச்சின் வலிமை கூடிவிடாது என்பதையும் மறத்தலாகாது.

அடுத்தது அளவு. ஆட்டோரிக்ஷாவுக்குரிய எட்டங்குல டயர் மலிவானது. எந்தப் பஞ்சர் கடையிலும் செப்பனிடத்தக்கது. அதன் முழுவிட்டம் ஏறத்தாழ 407 மில்லிமீட்டர்; மேற்சொன்ன பன்னிரண்டங்குல டயரின் விட்டமோ 537. ஒரு கிலோமீட்டருக்கு முன்னது சற்றேறக்குறைய 780 முறையும், பின்னது 590 முறையும் சுழலும். இருபது கிலோமீட்டரில் சிறு சக்கரம் ஏறத்தாழ மூவாயிரத்து எண்ணூறு சுற்று அதிகமாய்ச் சுழன்று பேரிங்கைச் சூடாக்கும். பள்ளத்திலும் ஆழமாய் இறங்கும். மண்காப்பும் சட்டமும் இடங்கொடுக்குமாயின் பெரிய சக்கரமே நன்று என்பது என் கருத்து. ஓர் அச்சில் ஒருபுறம் ரேடியல் டயரும் மறுபுறம் பழைய குறுக்கிழை டயரும் மாட்டுதல் கூடாது. இரண்டும் வெவ்வேறு விதமாய் நெளிவதால் வண்டி ஆடும்.

டிரெய்லரின் டயர் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. வாரத்தில் சில நாள் ஓடி மற்ற நாட்களில் வெயிலில் நிற்கும் ரப்பரைச் சூரிய ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் இறுகச் செய்து வெடிப்பு உண்டாக்குகின்றன. மேற்பூ புதிதுபோல் இருக்க, பக்கச்சுவர் வறண்ட ஏரியின் சேறுபோல் பிளந்திருக்கும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் பொறித்திருப்பதைப் பலர் காண்பதேயில்லை. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். கடைக்காரர் புதிது என்று கொடுப்பதும் சில ஆண்டுகள் அடுக்கில் கிடந்ததாயிருக்கலாம். மேற்பட்டை மாற்றிய டயரில் பட்டை புதிதாயினும் உடல் பழையதே. பாரவண்டிக்கு அது பொருந்தும், வெயிலில் நிற்கும் டிரெய்லருக்கு நான் அதனை விரும்பேன்.

சக்கர வளையத்தின் பகை உப்பு. சாயம் பூசிய இரும்பு ஒரு கீறலிலிருந்து துருப்பிடிக்கும். டயரின் விளிம்பு பொருந்துமிடம் துருவேறினால் ட்யூப் இல்லாத டயரில் காற்று கசிந்துகொண்டேயிருக்கும். அலுமினியக் கலவை வளையம் அழகானது; ஆனால் உவர்நீர் நனைக்கையில் இரும்பு அச்சைத் தொடுமிடத்தில் மின்வேதியியல் முறைப்படி அரிப்புறும். துத்தநாகம் பூசிய இரும்பு வளையம் கிடைக்குமாயின் அதுவே இக்கரைக்கு ஏற்றது. துத்தநாகம் தான் முன்னே கரைந்து இரும்பைக் காக்கும். வாங்குமுன் ஆணித்துளைகளின் எண்ணிக்கை, அவை அமைந்த வட்டத்தின் விட்டம், நடுத்துளை ஆகிய மூன்றையும் பழைய வளையத்தோடு வைத்து அளக்கவேண்டும். ஏறக்குறையப் பொருந்துவது பொருந்தாததேயாம்.

படகை இறக்குவதற்காக ஓடிவந்த வண்டியை உடனே நீருக்குள் தள்ளுவது பெருந்தீங்கு. சூடேறிய பேரிங்கினுள் விரிந்திருந்த காற்று குளிர்ந்த நீர் பட்டதும் சுருங்கி உவர்நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சற்றே ஆறவிட்டு இறக்கிப் பின்பு நன்னீரால் கழுவுக. மணலில் புதையாதிருக்கக் காற்றைக் குறைப்பது தகும். ஆனால் சாலை ஏறுமுன் மீண்டும் நிரப்பாவிடில் நெளிந்து நெளிந்து சூடேறி டயர் பிளக்கும். புதுச் சக்கரம் மாட்டியபின் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்குதல் வேண்டும். மாற்றுச் சக்கரத்தையும் அதே அளவில், அதே பளு எண்ணில் வாங்கி, வெயில் படாது மூடி வைக்க.