தோளைத் தாங்கும் தொடைச் சவ்வு

மனித தேகத்தின் மூட்டுகளிலெல்லாம் மிகுந்த சுதந்திரத்தோடு அசைவது தோள் மூட்டே. அந்தச் சுதந்திரத்தை முன்னிட்டு அதன் குழி ஆழமின்றி அமைந்துவிட்டதால், மேற்கையெலும்பின் உருண்டைத் தலையை அதில் நிலைநிறுத்தும் பொறுப்பு, சூழ்ந்து நிற்கும் நான்கு தசைகளின் நாண்களைச் சேர்ந்ததாயிற்று. மூப்பினாலோ விபத்தினாலோ அந்நாண்கள் கிழிந்து, கிழிசல் 5 சென்டிமீட்டருக்கு மேல் அகன்றுவிட்டால், எலும்பின் தலை மேல்நோக்கி நழுவித் தோள்முனை எலும்பில் முட்டக்கூடும். அப்போது கையைத் தூக்க முயல்கிறவருக்குத் தோள்பட்டை மட்டும் மேலேறுகிறது, கை எழுவதில்லை. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் முடியாது.

கிழிந்த நாணை எலும்போடு சேர்த்துத் தைக்கும் சிகிச்சையை, பாஸ்டன் நகரத்து வைத்தியர் எர்னஸ்ட் காட்மன் 1909-இலேயே செய்தார். சிறு கிழிசல்களுக்கு இன்றும் அதுவே உத்தமம். நாட்பட்ட பெருங்கிழிசலிலோ நாண் சுருங்கிப் பின்வாங்கி, தசையிலும் கொழுப்பு படர்ந்துவிடுவதால், எவ்வளவு இழுத்தாலும் அது எலும்புக்கு எட்டுவதில்லை. வலிந்து தைத்தால், நைந்த வேட்டியில் போட்ட தையல்போல மறுபடியும் விட்டுப்போகிறது.

ஜப்பானில் ஒசாகா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டெருஹிசா மிஹாட்டா, நாணை மீட்க இயலாவிட்டாலும் எலும்பின் தலை மேலேறாமல் தடுத்துவிட்டால் எஞ்சிய தசைகளே கையை உயர்த்திவிடும் என்று கருதினார். நோயாளியின் தொடையின் வெளிப்புறத்தைப் போர்த்திய உறுதியான சவ்வில் ஒரு துண்டை எடுத்து, அதை மடித்துத் தைத்து 6 முதல் 8 மில்லிமீட்டர் கனமாக்கி, கேமராக் குழாயின் துணையோடு சிறு துவாரத்தின் வழியே மூட்டுக்குள் செலுத்தி, ஒரு நுனியைக் குழியின் மேல்விளிம்பிலும் மறு நுனியைக் கையெலும்பின் தலையை ஒட்டிய புடைப்பிலும் பிணைக்கும் அவருடைய முறை, என் அபிப்பிராயத்தில், ரண சிகிச்சையின் அழகிய யோசனைகளுள் ஒன்று. 2013-இல் வெளியான அவரது அறிக்கையின்படி, சிகிச்சை பெற்ற 24 தோள்களில், சராசரி 84 பாகை மட்டுமே உயர்ந்த கை 148 பாகை உயர்ந்தது. 20 தோள்களில் ஒட்டு கிழியாமல் நின்றது.

தொடையை அறுக்க வேண்டாமென்று எண்ணிய அமெரிக்க வைத்தியர்கள், இறந்தோர் தானமளித்த தோலிலிருந்து உயிரணுக்களை நீக்கிப் பதப்படுத்திய திசுவை நாடினார்கள். அணுக்கள் அகன்றபின் எஞ்சும் கொலாஜன் இழைவலையில், நோயாளியின் சொந்த அணுக்களும் ரத்தக் குழாய்களும் மெல்லக் குடியேறுகின்றன. ஆயினும் அத்திசு பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் கனமே உள்ளது. பலனும் எல்லோருக்கும் ஒரே விதமாக அமையவில்லை. தைத்த நாணின்மீது பன்றியின் சிறுகுடல் சவ்வைப் போர்த்திப் பார்த்த முயற்சியோ, 2006-இல் வெளியான ஆய்வில், குணமாவதற்குத் துணைசெய்யவில்லை என்றே முடிந்தது. ஆகையால் எந்தத் திசு, எவ்வளவு கனம் என்று விசாரிக்க நோயாளி தயங்கக் கூடாது.

மூட்டே தேய்ந்துபோனவருக்கு இந்த ஒட்டுச் சிகிச்சை பொருந்தாது. அத்தகைய முதியோருக்குப் பந்தையும் குழியையும் இடம் மாற்றி அமைக்கும் செயற்கை மூட்டு உண்டு. ஒட்டுப் பெற்றவர் சில வாரங்கள் கழுத்துப் பட்டையில் கையைத் தாங்கி, பிறகு மாதக்கணக்கில் பயிற்சி செய்ய வேண்டும். சவ்வு எடுத்த தொடையும் வலிக்கும்; அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிற வைத்தியரிடம் போவது நல்லது.