கெல்லி என்னும் நாசகாரி

கண்டியை அடுத்த பேராதனைப் பூந்தோட்டத்திலே, 1944 ஏப்ரலில், தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் அமைந்தது. அதன் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு, முன்னர் 'கெல்லி' என்னும் பிரித்தானிய நாசகாரிக் கப்பலை நடத்தியவர்.

நாசகாரிக்குக் கனத்த கவசம் இல்லை. வேகமே அதற்குக் காவல். 1939 ஆகஸ்டிற் சேவையில் இறங்கிய கெல்லி 21 மாதமே வாழ்ந்தது. அதிலும் ஏறத்தாழப் பாதிக்காலம் பழுதுபார்க்குந் துறையிற் கழிந்தது. முதலிற் கண்ணிவெடியாற் சேதமுற்றது; பின்னர் மற்றொரு கப்பலுடன் மோதிற்று. 1940 மே மாதம் வட கடலில் டார்பிடோ பிளந்தபோதும் மூழ்கவில்லை. நான்கு நாள் இழுபட்டு, தான் பிறந்த டைன் ஆற்றுத் துறையையே அடைந்தது. 1941 மே 23ஆம் நாள், கிரீட்டுத் தீவருகே ஜெர்மன் விமானக் குண்டு வீழ்ந்ததும், விரைந்தோடியபடியே கவிழ்ந்தது. மாலுமிகளிற் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

வானிலிருந்து வரும் பகைக்கு வேகம் மட்டும் காவலாகாது என்பதைக் கெல்லியின் முடிவு உணர்த்திற்று. அதில் உயிர் தப்பிய தலைவரே, பின்னர் கடல் காணாக் கண்டியிலிருந்து தரை, கடல், வான் ஆகிய முப்படைகளையும் ஒருசேர நடத்தினார்.