ஈயக்குண்டும் காகிதச் சட்டையும்

1857-ஆம் ஆண்டின் கிளர்ச்சியைப் பற்றி நம்மிற் படியாதார் இலர். என்பீல்டுத் துப்பாக்கியின் தோட்டாக் காகிதத்தில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவப்பட்டுள்ளன என்ற செய்தி பரவியதும், மீரத்து நகரில் குதிரைவீரர் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்ததும், மே மாதம் 10-ஆம் நாள் பெருந்தீ மூண்டதும் வரலாற்று வகுப்பில் நாம் கேட்டனவே. கொழுப்பைப் பற்றி எல்லாரும் பேசுவர். காகிதத்தைப் பற்றிப் பேசுவார் அரியர். கொல்லும் ஈயத்திற்கும் எழுதும் காகிதத்திற்கும் என்ன உறவு? துப்பாக்கிக் குழலினுள் காகிதம் புகுந்தது எதன்பொருட்டு? இதனை ஒருசிறிது ஆராய்வோம்.

பழைய துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. அதனின்று புறப்படும் உருண்டைக் குண்டு எப்பக்கம் விலகும் என்பதைச் சுட்டவனும் அறியான். குழலின் உட்சுவரில் திருகுபோலச் சுருண்டோடும் பள்ளங்களை வெட்டினால், குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளிப்படும். சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோலச் சுழலும் குண்டும் நெறி பிறழாது செல்லும். இங்ஙனம் பள்ளம் வெட்டிய துப்பாக்கியே ரைபிள் எனப்படுவது.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. பள்ளங்களைப் பற்ற வேண்டுமாயின் குண்டு குழலோடு இறுகப் பொருந்துதல் வேண்டும். இறுகப் பொருந்தினாலோ அதனைக் குழல்வாய் வழியே உட்செலுத்துதல் அரிது. அன்றியும் ஈயம் மெல்லிய உலோகம். விரைந்து உராயுங்கால் குழலிற் படிந்து பள்ளங்களைத் தூர்த்துவிடும். தூர்ந்த குழலில் குறி தப்பும். ஆதலின் உருக்கையும் ஈயத்தையும் ஒன்றோடொன்று தொடவிடாமலே பொருத்திவைக்கும் ஓர் இடைப்பொருள் வேண்டப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கக் காடுகளில் வேட்டையாடியோர் உருண்டைக் குண்டைக் கொழுப்புத் தோய்ந்த துணியில் வைத்துக் குழலினுள் தள்ளினர். பின்னர் நீண்ட குண்டுகள் தோன்றியபோது துணிக்குரிய இடத்தைக் காகிதம் பெற்றது. என்பீல்டிலும் இதுவே நிகழ்ந்தது. வீரன் தோட்டாவைப் பல்லாற் கிழித்து, மருந்தைக் குழலிற் கொட்டி, காகிதம் சூழ்ந்த குண்டை அப்படியே உள்ளே செலுத்துவான். காகிதம் இடைவெளியை நிரப்பிற்று. கொழுப்பு அதனை வழுக்கிச் செல்லச் செய்தது. 1871-இல் ஆங்கிலப் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் 480 கிரெயின் குண்டும் காகிதம் சுற்றியதே.

நிற்க. இக்கலை நுட்பம் எய்தியது, பின்புறமாகப் பித்தளைத் தோட்டா இடும் வேட்டை ரைபிள்களிலேயாம். குழலின் உட்குறுக்களவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 450 பங்கு எனக் கொள்வோம். குண்டை 442 பங்கு அளவினதாக வார்க்கின்றனர். பதினாறு பங்கு ஈயத்திற்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தல் வழக்கிலுள்ள கலவைகளுள் ஒன்று. பருத்திக் கந்தலாற் செய்த, இரண்டு பங்கு தடிப்புள்ள மெல்லிய தாளை அதன்மேல் இரண்டு சுற்றுச் சுற்றினால், பக்கத்திற்கு நான்காக இருபக்கமும் எட்டுப் பங்கு கூடி, மொத்தம் 450 ஆகின்றது. மயிரிழையினும் நுண்ணிய கணக்கு அன்றோ இது!

தாளை நேர்ச்சதுரமாக வெட்டுதல் கூடாது. இருமுனைகளும் ஒரே சாய்வாக அமையும்படி, ஏறக்குறைய 2.8 அங்குல நீளமாக வெட்டல் வேண்டும். அப்பொழுதே சுற்றின் தொடக்கமும் முடிவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் இடைவெளி விடாமலும் விளிம்போடு விளிம்பு கூடும். ஏறினால் ஒருபுறம் தடிக்கும்; இடைவெளி விட்டால் ஈயம் வெளியே தோன்றும். வெட்டிய தாளை நீரில் நனைத்துக் குண்டின்மேல் இறுக உருட்டி, அடியில் மிஞ்சிய பகுதியை மடித்தோ முறுக்கியோ விடுகின்றனர். நனைந்த தாள் உலரும்பொழுது சுருங்கிக் குண்டின் தோல்போல ஒட்டிக்கொள்ளும். பசை வேண்டுவதில்லை. தோட்டாவினுள் முதலில் மருந்து, அதன்மேல் அட்டைத் தக்கை, பின்னர்த் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த வில்லை, மீண்டும் தக்கை, முடிவிற் குண்டு.

வெடியுப்பு 75 பங்கும் கரி 15 பங்கும் கந்தகம் 10 பங்கும் கலந்த கருமருந்து தீப்பற்றியவுடன், அதன் தாக்கினால் மெல்லிய ஈயக்குண்டு பின்னிருந்து நசுங்கிப் பருத்துக் காகிதத்தைப் பள்ளங்களுள் அழுத்துகின்றது. பள்ளங்களின் விளிம்புகள் காகிதத்தைக் கீறுகின்றன. எனினும் குழலைக் கடக்கும்வரை அது குண்டை விடுவதில்லை. குழல்வாயைத் தாண்டியதும் துண்டு துண்டாகச் சிதறி வீழ்கின்றது. சிறு துணுக்கு ஒன்று குண்டோடு ஒட்டிச் சென்றாலும் குறி கெடும். ஆகவே தேர்ந்தவர்கள் சுட்டபின் துப்பாக்கிக்கு முன்னே தரையிற் கிடக்கும் துணுக்குகளைப் பொறுக்கிப் பார்க்கின்றனர். பள்ளங்களின் வரிசைப்படி ஒழுங்காகக் கிழிந்திருப்பின் எல்லாம் செம்மை. கருகியோ கந்தலாகியோ இருப்பின் எங்கோ பிழை. கருமருந்தின் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு எரிந்தபின்னும் திடப்பொருளாகவே எஞ்சுமாதலின், ஒவ்வொரு முறை சுட்டபின்னும் ஈரத்துணியால் குழலைத் துடைப்பர். அல்லது வாயால் ஊதி மூச்சின் ஈரத்தால் அக்கசடை இளக்குவர். கசடு உலர்ந்து இறுகினால் அடுத்த குண்டின் காகிதம் குழலுள்ளேயே கிழிந்துவிடும்.

இவ்வளவு பொறுமைக்குப் பயன் உண்டாயிற்று. 1874 செப்டம்பர் 26-ஆம் நாள் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் அயர்லாந்தினரும் அமெரிக்கரும் 800, 900, 1,000 கெஜ தூரங்களிற் போட்டியிட்டனர். அமெரிக்கர் 934 புள்ளிகளும் அயர்லாந்தினர் 931 புள்ளிகளும் பெற்றனர். மூன்றே புள்ளி வேறுபாடு!

ஆயினும் இக்கதையின் மறுபக்கத்தை மறைத்தல் தகாது. அதே காலத்தில், அதே ஷார்ப்ஸ் ரைபிள்களையும் காகிதம் போர்த்த குண்டுகளையும் கொண்டு தோல் வணிகத்திற்காக வேட்டையாடியோர், அமெரிக்கச் சமவெளிகளிற் கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமைகளை வீழ்த்தினர். வெகு தொலைவிலிருந்து பிழையாது சுட்டமையால், அருகில் நின்றது விழுந்தும் மந்தை மருண்டு ஓடவில்லை. தோலை உரித்தபின் ஊன் வெளியில் அழுகிற்று. அவ்விலங்கையே உணவும் உடையும் உறையுளுமாகக் கொண்டிருந்த பழங்குடி மக்கள் வாழ்விழந்தனர். வில்லியம் ஹார்னடே என்பவர் 1889-இல் எஞ்சியவற்றை எண்ணியபோது வட அமெரிக்கா முழுவதிலும் 1,091 விலங்குகளே இருக்கக் கண்டார். அவர் வேட்டையை வெறுத்துப் பிறந்தவர் அல்லர். நம் ஆனைமலைக் காடுகளிலும் வேட்டையாடியவர். வேட்டைக்காரர் ஒருவரே அக்கணக்கை எழுத நேர்ந்தது.

1882-இல் சுவிட்சர்லாந்தின் ரூபின் செம்புறை போர்த்த குண்டை ஆக்கினார். 1884-இல் பிரான்சின் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டார். காகிதம் ஆற்றிய பணியைச் செம்பு ஏற்றது. எனினும் பழந்துப்பாக்கிகளைப் பேணும் அன்பர்கள் இன்றும் மேலைநாடுகளில் மாலைவேளைகளில் அமர்ந்து தாளை நனைத்துக் குண்டுகளிற் சுற்றுகின்றனர்.

பொறுமையும் அளவும் தூய்மையும் இக்கலையின் அறங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயின் குண்டை நெறி பிறழாமற் செலுத்த மட்டுமே காகிதம் வல்லது. எதனை நோக்கிச் செலுத்துவது என்பதை அது சொல்லாது. அதனைச் சொல்லவேண்டிய பொறுப்பு துப்பாக்கியை ஏந்தியவனுக்கே உரியது. கல்வியால் நாம் பெறும் திறன்கள் யாவற்றிற்கும் இஃது ஒக்கும்.