வலது காலுக்குத்தான் வேலை

காற்றே இல்லாத காலை நேரம். ஓடுபாதையின் நடுக்கோட்டில் ஒற்றை இன்ஜின் செஸ்னா 172 நேராக நிற்கிறது. விமானி த்ராட்டிலை முழுக்க உள்ளே தள்ளுகிறார். விமானம் ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே அதன் மூக்கு இடப்பக்கம் நழுவப் பார்க்கிறது. திருப்பிவிட்டது காற்றல்ல, விமானியுமல்ல. விமானத்தை முன்னால் இழுக்கும் அதே ப்ரொப்பெல்லர்தான்.

விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் இந்த ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதற்கு எதிர்வினையாக விமானத்தின் உடல் இடப்பக்கம் சாய முயல்கிறது. இடது சக்கரத்தில் சுமை கூடுகிறது, உராய்வும் கூடுகிறது. ப்ரொப்பெல்லர் பின்னுக்குத் தள்ளும் காற்றோ உடலைத் திருகாணி போலச் சுற்றிக்கொண்டு போய், வாலில் நிற்கும் செங்குத்துத் துடுப்பின் இடப்பக்கத்தில் மோதுகிறது. வால் வலப்பக்கம் ஒதுங்க, மூக்கு இடப்பக்கம் போகிறது. மூக்கு மேல்நோக்கி இருக்கும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: கீழிறங்கும் வலப்பக்க அலகு காற்றைக் கூடுதல் கோணத்தில் வெட்டுவதால், இழுவிசையின் மையம் வலப்பக்கம் நகர்ந்து, மூக்கை இன்னும் இடப்பக்கம் தள்ளும்.

பறத்தலின் பிறப்பிலேயே இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை இருந்தது. 1903-இல் ரைட் சகோதரர்கள் தங்கள் விமானத்தில் இரண்டு ப்ரொப்பெல்லர்களை வைத்து, ஒன்றின் சங்கிலியை மட்டும் குறுக்காக மாட்டி, இரண்டையும் எதிரெதிர்த் திசையில் சுழலவிட்டார்கள். ஒன்றின் திருகலை மற்றொன்று அடித்துவிடும். ஒற்றை ப்ரொப்பெல்லர் விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. அங்கே ஈடுகட்ட வேண்டியது விமானியின் வலது கால்.

கார் ஓட்டிப் பழகியவருக்கு இது உடனே வராது. மூக்கு இடப்பக்கம் போனதும் கை தானாகக் கட்டுப்பாட்டு வளையத்தை வலப்பக்கம் திருப்பும். அது அசைப்பது இறக்கை ஓரத்து மடிப்புகளை மட்டுமே. இடப்பக்க மடிப்பு கீழிறங்கி அங்கே காற்றின் தடையைக் கூட்டுவதால், மூக்கு இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போகவும் கூடும். தரையில் திசை திருப்புவது பெடல்கள்தான். அவை வாலிலுள்ள சுக்கானை, அதாவது ரடரை, அசைக்கின்றன. மூக்குச் சக்கரத்தையும் திருப்புகின்றன. அதே பெடலின் மேல்பகுதியை அழுத்தினால் பிரேக். குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். பாதம் கொஞ்சம் மேலேறி இருந்தால், ரடரை மிதிப்பதாக நினைத்து ஒரு பக்க பிரேக்கைப் பிடித்துவிடுவோம்.

கால் பெடலுக்கு எட்டாமலே போவதும் உண்டு. இருக்கை தண்டவாளத்தில் சரியாகப் பூட்டாமல் இருந்தால், விமானம் வேகமெடுக்கும்போது அது பின்னால் சறுக்கும். கால்கள் பெடலை விட்டு விலகும். கையில் பிடித்திருக்கும் வளையமும் கூடவே இழுபடும். செஸ்னா விமானங்களின் இருக்கைத் தண்டவாளங்களைக் குறித்த இடைவெளியில் சோதிக்கும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ 1987-இல் உத்தரவே போட்டது. புறப்படும் முன் இருக்கையை ஒருமுறை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கச் சொல்லும் பயிற்சியாளரை நான் மனதாரப் பாராட்டுவேன்.

வால் சக்கர விமானங்களில் ஆபத்து பல மடங்கு. அவற்றில் எடையின் மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இறகு முன்னாலும் முனை பின்னாலுமாக எய்த அம்பு பறக்கும் வழியிலேயே திரும்பப் பார்க்குமல்லவா, அதே இயல்பு இவற்றுக்கும் உண்டு. சிறு விலகலும் தானாகப் பெருகும். கால் ஒரு நொடி தாமதித்தால் விமானம் தன்னையே சுற்றி நிற்கும். மூக்குச் சக்கர விமானத்தில் எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், அது தானே நேராக முயலும்.

பழகிய காலே எதிரியான கதையும் உண்டு. மெர்லின் இன்ஜின் பொருத்திய ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் புறப்படும்போது இடப்பக்கம் இழுக்கும். இரண்டாம் உலகப் போரின் பிற்பாதியில் சுமார் 2,000 குதிரைத்திறன் கொண்ட கிரிஃபன் இன்ஜின் வந்தது. அது எதிர்த்திசையில் சுழல்வது. இழுப்பும் வலப்பக்கமாக மாறியது. பழக்கதோஷத்தில் வலது காலை அழுத்தினால், விலகல் குறையாமல் கூடும். திறமையான போர் விமானிகளுக்கே புது விமானத்தில் முதல் நாள் தங்கள் கால்களைப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது.

விலகல் கைமீறும்போது என்ன செய்வது? பலரும் செய்வது, ஓரம் நெருங்குகிறதே என்று மூக்கைத் தூக்கி விமானத்தை எழுப்பிவிடப் பார்ப்பது. செஸ்னா 172 தரையை விட்டு எழத் தேவையான வேகம் ஏறக்குறைய 55 நாட், அதாவது மணிக்கு 100 கி.மீ. தரைக்கு மிக அருகே காற்றின் தாங்கல் அதிகம் என்பதால் அதற்குக் குறைந்த வேகத்திலும் விமானம் எழும். ஆனால் சில மீட்டர் உயர்ந்ததும் அந்தத் தாங்கல் குறைந்து, இறக்கை தூக்கும் திறனை இழந்து சாயும். ஓடுபாதை ஓரத்தில் முடிந்திருக்க வேண்டிய விபத்தை மரத்தின் மேலோ கட்டடத்தின் மேலோ கொண்டுபோய் முடிப்பது இந்த ஒரு செயல்தான்.

செய்ய வேண்டியது த்ராட்டிலைப் பின்னுக்கு இழுப்பது. திருப்பிய சக்தி அதோடு அடங்கும். ரடர் மேல் வீசிய ப்ரொப்பெல்லர் காற்றும் குறைந்துவிடும் என்பதால், மிச்சத்தை மூக்குச் சக்கரமும் பிரேக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் புல்லில் இறங்கும் விமானத்தின் இயக்க ஆற்றல், 100 கி.மீ. வேகத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். மூக்குச் சக்கரம் மடங்கலாம், ப்ரொப்பெல்லர் வளையலாம், இறக்கை நுனி கிழியலாம். உள்ளே இருப்பவர்கள் பெரும்பாலும் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தாங்களே இறங்கி வருவார்கள்.